அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில்

பெரிய பாட்டிக்கு 96 வயது. அவருடைய தம்பிக்கு, நான் மாமா தாத்தா என்று கூப்பிடுகிறவருக்கு, 91. என் சொந்தப் பாட்டி இவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவர், அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மிச்சம் இருக்கும் இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூரம் என்னவோ நான்கு மணி நேரப் பயணம்தான். ஆனால் அக்காவால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது, தம்பி வாசலைத் தாண்டி வெளியே வந்தே வெகு நாளாகிறது.

போனில் பேசிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பாட்டிக்குப் பார்வை போய்விட்டது, காது ஓரளவு கேட்கிறது. தாத்தாவுக்குக் கண் நன்றாக இருக்கிறது, காது சுத்தமாகப் போய்விட்டது. அக்கா பேசினால் தம்பிக்குக் கேட்காது, தம்பி எழுதினால் அக்காவால் படிக்க முடியாது. அதனால் மூன்று வருடமாக நான்தான் இவர்களுக்கு நடுவில் தபால்காரன். மாதத்தில் ஒரு ஞாயிறு பாட்டி வீடு, இன்னொரு ஞாயிறு தாத்தா வீடு. பாட்டி சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு போய் தாத்தா முன்னால் விரித்து வைப்பேன். அவர் படித்துவிட்டு பதில் எழுதித் தருவார். அதை எடுத்து வந்து பாட்டி காதருகே வாசிப்பேன். அவ்வளவுதான் வேலை. என் வாழ்க்கையில் நான் செய்கிற காரியங்களில் எதையாவது விடச் சொன்னால் கடைசியாகத்தான் இதை விடுவேன்.

இதை நான் ஏதோ பெரிய மனசால் ஆரம்பிக்கவில்லை. என் பாட்டி இருந்தவரை அவர் வீடு எங்கள் எல்லோருக்கும் பொது வீடு. பேரன் பேத்திகள் பதினான்கு பேர். லீவு விட்டால் அங்கேதான் கிடப்போம். அவர் போன பிறகு யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, சொத்துத் தகராறும் கிடையாது, ஆனாலும் இரண்டே வருடத்தில் எல்லோரும் சிதறிவிட்டோம். எதற்குப் போய் ஒன்றாக உட்கார வேண்டும் என்பதற்குக் காரணமாக இருந்தது அந்த ஒரு ஆள்தான் என்பது அந்த ஆள் இல்லாதபோதுதான் புரிந்தது. அதைவிடப் பெரிய வருத்தம், அவரிடம் நான் எதையுமே கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பத்து வயதில் எந்த வீட்டில் இருந்தார், எந்த விளையாட்டு பிடிக்கும், எதற்குப் பயப்படுவார், ஒன்றும் தெரியாது. ஒருநாள் அம்மா, "இதெல்லாம் பெரிய பாட்டிக்குத்தான்டா தெரியும்" என்று சொல்ல, அப்படித்தான் பெரிய பாட்டி வீட்டுக்குப் போனேன்.

முதல் தடவை போனபோது நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எல்லோருமே செய்கிறோம். கட்டில் ஓரமாகப் போய் நின்றுகொண்டு, சிரித்த முகமாக, "பாட்டி, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன். பாட்டி என்னைப் பார்க்காமல் என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார். பதில் வரவில்லை. நான் மறுபடியும், இன்னும் சத்தமாக, "சொல்லுங்க பாக்கலாம்!" என்றேன். அவர் முகம் சுருங்கியது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, தலையைத் திருப்பி, தன் மகள், அதாவது என் பெரியம்மா, எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டார். பரீட்சையில் கேள்வி தெரியாத பிள்ளை மாதிரி. 90 வயது தாண்டிய ஒருவரை அவர் கட்டிலிலேயே வைத்துத் தோற்கடித்த மாதிரி இருந்தது எனக்கு.

பெரியம்மா (அவருக்கே எழுபத்து மூன்று) என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "வந்த உடனே நீயே பேரைச் சொல்லிடு. யாரோட பையன்னும் சொல்லு. அம்மாவைக் கண்டுபிடிக்க விடாதே." அடுத்த முறையிலிருந்து போனதும் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, உங்க தங்கச்சி பேரன் வந்திருக்கேன்" என்பேன். தங்கச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் கை இறுகுவதை உணர்ந்திருக்கிறேன். என் பேர் அவருக்கு நினைவிருக்கிறதா என்பது அப்புறம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

என்னைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்த்தாரே, அதற்கும் காரணம் இருந்தது. விழித்திரையின் நடுப்பகுதி வயதால் தேய்ந்துபோகிற நோய் அவருக்கு. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு மங்கல், ஓரப் பார்வை மட்டும் மிச்சம். அதனால் என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் முகத்துக்குப் பக்கத்தில்தான் பார்த்தாக வேண்டும். நானோ பாட்டி என்னை அலட்சியம் செய்கிறார் என்று ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அவர் என் காதைப் பார்த்தால், என்னைத்தான் உற்றுப் பார்க்கிறார் என்று தெரியும்.

காது விஷயமும் அப்படித்தான். வயதில் வரும் செவிட்டுத்தனத்தில் எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைவதில்லை. உள்காதில் மெல்லிய மயிர் போன்ற செல்கள் உண்டு. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் செல்கள்தான் முதலில் சாகின்றன, செத்தால் திரும்ப முளைப்பதில்லை. அதனால் ச, ஸ மாதிரி மெல்லிய ஒலிகள் முதலில் மறைந்துபோகும். யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. நாம் கத்தினால் ஏற்கெனவே கேட்கிற ஆ, ஓ எல்லாம்தான் இன்னும் பெரிதாகும், காணாமல்போன ஒலி திரும்பி வராது. போதாக்குறைக்கு இப்படிப்பட்ட காதுக்கு ஓர் அளவுக்கு மேல் போகும் சத்தம் வலியாகவே இருக்கும். "கத்தினாலும் கேக்க மாட்டேங்குது" என்று சலித்துக்கொள்கிறோமே, கத்துவதால்தான் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், டிவியை அணைத்துவிட்டுப் பேசினால் பாட்டிக்கு முக்கால்வாசி புரிகிறது.

தாத்தாவிடமிருந்து போன் போட்டுப் பார்த்தோம், அவர் பேசுவதையாவது பாட்டி கேட்கட்டும் என்று. பழைய தொலைபேசி இணைப்பில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலி போகும், மேலே உள்ளது வெட்டப்பட்டுவிடும். ஏற்கெனவே பாதி இழந்த காதுக்கு அது இன்னும் பாதி. "தம்பி குரல் மாதிரி இல்லையே" என்று ரிசீவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் பாட்டி. தாத்தாவோ தான் பேசி முடித்ததும் எதிர்முனையில் பதில் வந்ததா இல்லையா என்றே தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதற்கு அப்புறம்தான் நோட்டு.

என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பதற்காகவே நிறையப் பேர் பெரியவர்களைப் பார்க்கப் போவதில்லை என்று நினைக்கிறேன். உடம்பு எப்படி இருக்கு, மருந்து சாப்பிட்டீங்களா, தூக்கம் வருதா. மூன்று கேள்வியில் பேச்சு முடிந்து எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நானும் இருந்திருக்கிறேன். காலையில் நடந்ததைக் கேட்டால் பாட்டிக்குத் தடுமாற்றம். ஆனால் பள்ளிக்கூடம் போன வழியைக் கேளுங்கள், ஒவ்வொரு திருப்பமும் வரும். இது பாட்டிக்கு மட்டும் உள்ள விசேஷம் இல்லை. ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் முதுமையில் அதிகமாக, தெளிவாக நினைவுக்கு வருகின்றன என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் கண்டிருக்கிறார்கள். முதல் வேலை, கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் அந்த இருபது வருடத்துக்குள்தானே வருகிறது. பெரியவர்களோடு பேசப் போகிறவர் அந்தக் காலத்துக்குள் போய்விட்டால் போதும்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பது அடுத்த புகார். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-இல் ஒரு கட்டுரை எழுதினார். கிழவர்கள் பழைய கதை பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் அதை மறுத்து, முடிவு நெருங்குவதை உணர்ந்த மனிதர் தன் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்து, ஒழுங்குபடுத்தி, தீராமல் கிடப்பவற்றைத் தீர்க்கப் பார்க்கிறார், அது இயல்பான வேலை என்று சொன்னார். இதைப் படித்த பிறகு பாட்டியின் சிலேட்டுக் கதையை நான் வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தேன்.

சிலேட்டுக் கதை இதுதான். பாட்டிக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. வீட்டில் ஒரு புது சிலேட்டு. ஒருநாள் அது நடுவில் உடைந்து கிடந்தது. அடி வாங்கியது பாட்டி. உடைத்தது தம்பி என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும், ஆனால் பார்த்தது அவர் இல்லை, நடுவில் பிறந்த என் பாட்டி. அவர் எட்டு வயதில் வாயே திறக்கவில்லை. இந்தக் கதையை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். முதலில் எல்லாம் தலையாட்டிக்கொண்டே மனசுக்குள் வேறெதையோ நினைத்துக்கொண்டிருப்பேன். அப்புறம் ஒருநாள் கவனித்தேன், ஒவ்வொரு தடவையும் கதை ஒரே இடத்தில்தான் நிற்கிறது: "அவகிட்ட எவ்வளவோ கேட்டேன், சொல்லவே இல்ல." சிலேட்டைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. தங்கை தன் பக்கம் பேசவில்லை என்பதுதான் 86 வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தத் தங்கை இப்போது இல்லை.

"தாத்தாகிட்டயே கேட்டுடலாமா பாட்டி?" என்றேன். யோசித்தார். "எழுதிக்கோ" என்றார்.

தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோட்டை விரித்ததும் முதலில் கண்ணாடியைத் துடைப்பார், அப்புறம் நோட்டைத் துடைப்பார். அக்கா சொன்னதை ஒரு தடவை படித்துவிட்டு, மேலே தேதியைப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படிப்பார். நான் வந்ததே அவருக்கு மறந்துபோகும். காது கேட்காதவர்களோடு இருக்கும்போது இதை நான் கற்றுக்கொண்டேன்: அவர்கள் முன்னால் வீட்டில் மற்றவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், இவர் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருப்பார், யாரும் திரும்பி என்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். "ஒண்ணுமில்ல தாத்தா" என்று கையசைப்போம். அந்த ஒண்ணுமில்லையைப் போலக் கொடுமை கிடையாது. இப்போது அங்கே பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எதற்குச் சிரித்தோம் என்று ஒரு வரி எழுதிக் காட்டினால், அவரும் சிரிக்கிறார், கொஞ்சம் தாமதமாக.

நேரம் பார்த்துப் போவது முக்கியம். காலை பத்து மணிக்குப் பாட்டி தெளிவாக இருப்பார். பொழுது சாயும்போது குழப்பம் வரும், நான் யாருக்கோ அண்ணன் ஆகிவிடுவேன். மறதி நோய் உள்ளவர்களுக்கு மாலையில் இது கூடுவது அடிக்கடி நடப்பதுதான். அப்படி ஒரு மாலையில் அவர் என்னை அண்ணா என்றால் நான் திருத்துவதில்லை, அண்ணனைப் பற்றிக் கேட்பேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச்சுக் கொடுத்துக் களைப்பாக்குவதும் இல்லை. இன்னொன்று, திடீரென்று ஒரே நாளில் குழப்பம் அதிகமானால் வயசாகிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் குறைவது, புது மருந்து என்று சரிசெய்யக்கூடிய காரணம் எவ்வளவோ இருக்கும், டாக்டரிடம் காட்ட வேண்டும். போன வருடம் பெரியம்மா அதைக் கவனித்ததால்தான் பாட்டி தப்பித்தார்.

பெரியம்மாவைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. மாதம் ஒருநாள் வந்து கையைப் பிடித்துப் பேசிவிட்டுப் போகும் எனக்கு நல்ல பேர் கிடைக்கிறது. இரவில் மூன்று தடவை எழுந்து பாட்டியைப் புரட்டிப் படுக்க வைப்பவர் அவர். அவருக்கே முழங்கால் வலி. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவருக்கு யோசனை சொல்கிறார்கள்: அம்மா இளைச்சிட்டாங்களே, இந்த டாக்டர்கிட்ட காட்டினியா, அந்த எண்ணெய் தடவிப் பாத்தியா. அவர் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறார். பார்க்கப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான், யோசனையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நான் போனதும், "மூணு மணி நேரம் நான் இருக்கேன் பெரியம்மா, நீங்க வெளிய போயிட்டு வாங்க" என்பேன். முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. வீட்டுக்குள்ளேயே எதையாவது துடைத்துக்கொண்டிருந்தார். நாலாவது தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன். "சும்மா நடந்தேன்" என்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என் மகளையும் அழைத்துப் போகிறேன். அவளுக்கு ஒன்பது வயது. முதலில் பயந்தாள், பாட்டியின் கையில் தோல் மெல்லிசாக, உள்ளே நரம்பு நீலமாகத் தெரிகிறது என்று. தொட்டுப் பார் என்றேன். "பட்டு மாதிரி இருக்குப்பா" என்று அதிசயப்பட்டாள். அப்புறம் பாட்டி சிலேட்டுக் கதை சொன்னார், அவள் ஆயிரம் கேள்வி கேட்டாள், நான் இருபது தடவை கேட்டும் கேட்காத கேள்விகள். சிலேட்டு என்ன கலர், எதால் அழிப்பீங்க, அழுதீங்களா. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் இருபது கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தது, இந்த மாதிரி. இதெல்லாம் அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மேல் நம்பிக்கையும் அதிகமாக இருந்தது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. தன் குடும்பத்தில் ஒருத்தி செய்யாத தப்புக்கு அடி வாங்கி, 96 வயது வரை தெம்பாக இருந்து அந்தக் கதையைச் சொல்கிறாள் என்று தெரிந்த பிள்ளைக்கு அதுவே ஒரு பலம்தான்.

போகும்போது பழைய போட்டோக்களையும் கொண்டுபோகிறேன். பாட்டியால் பார்க்க முடியாது, அதனால் நான் சொல்வேன்: நாலு பேர் நிக்கிறாங்க, ரெண்டாவது ஆள் தொப்பி போட்டிருக்கார். உடனே பேர் வந்துவிடும். தாத்தாவிடம் காட்டினால் விரல் வைத்து ஒவ்வொருவராகச் சொல்வார். பின்பக்கம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பேர் எழுதிவிடுகிறேன். பேனா மை காலப்போக்கில் ஊறி முன்பக்கம் வந்துவிடும். இதுவரை எழுபது போட்டோவுக்கு மேல் பேர் போட்டாகிவிட்டது. அவற்றை மொபைலில் எடுத்து எங்கள் பதினான்கு பேருக்கும் அனுப்ப ஆரம்பித்தேன். முதலில் கட்டைவிரல் மட்டும் வந்தது. அப்புறம் ஒரு அண்ணன் கூப்பிட்டான், "அடுத்த தடவை போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போடா." இப்போது நான் போக முடியாத மாதம் அவன் போகிறான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பல வருடமாகப் பேசாமல் இருந்தவர்கள் யார் எந்த ஞாயிறு போவது என்று பேசிக்கொள்கிறோம், அந்தச் சாக்கில் மற்றதெல்லாம் பேசுகிறோம்.

சிலேட்டுக்கு வருகிறேன். பாட்டி சொன்னதை அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்: "சிலேட்டை உடைச்சது யாரு, இப்பவாவது சொல்லு." தாத்தா படித்தார். மறுபடி படித்தார். அவர் தோள் குலுங்கியது, முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்து வெகு நேரம் எழுதினார்.

போன ஞாயிறு அதைப் பாட்டியிடம் வாசித்தேன். "நான்தான் அக்கா. சின்னக்கா பார்த்தாள். சொல்லாதே என்று அவள் காலைப் பிடித்து அழுதேன். உனக்காகப் பேசவில்லை என்று அவள் மேல் கோபப்படாதே. அன்று ராத்திரி முழுக்க அவளும் அழுதாள்."

பாட்டி எதுவும் சொல்லவில்லை. கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுத்தேன். அதைப் பின்பக்கமாகத் திருப்பி, ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தடவினார். தாத்தா பேனாவை அழுத்தி எழுதுகிறவர், வரிகள் பின்னால் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வரியாகக் கடைசி வரை தடவிவிட்டு, "இன்னும் இப்படித்தான் அழுத்துறானா, தாள் கிழிஞ்சிடப் போவுது" என்றார்.

பிறகு என் காதுப் பக்கம் பார்த்து, "நோட்டை எடு, பதில் எழுதணும்" என்றார்.